பாற்கடல் குதிரை மலையேறிய நாள்

பதுளைக் கடையொன்றில் வெள்ளைப் பெயின்ட் டப்பாவைத் திறந்தார்கள். அந்த வாசனை என்னை ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்கே இழுத்துப் போனது. அப்போது நான் சின்னப் பிள்ளை. பாற்கடலில் பிறந்த உச்சைசிரவஸ், எங்கள் கோயிலுக்குப் புதுக் குதிரை வாகனமாக, பெயின்ட் மணம் மாறாமல் லொறியில் வந்தது. பாதி மலையில் லொறி சேற்றில் புதைந்துவிட்டது. கொழுந்து பறித்துத் திரும்பிய அம்மா கூடையை இறக்கி வைத்தாள்.

“பொம்பளைங்க சாமி குதிரையத் தூக்கலாமா?” என்றார் டிரைவர்.

“நாங்க தூக்காத பாரமா? நகருங்கண்ணே!”

கூட வந்த பெண்களும் தோள் கொடுத்தார்கள். குலவைச் சத்தத்தோடு குதிரை தேயிலைச் செடிகளுக்கு மேலே பாய்ந்தேறியது. நான் கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். கோயில் வாசலில் தப்பு மேளம் அதிர்ந்தது.

கடையிலிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன். “அன்னைக்கு ரொம்பக் கனமா இருந்துச்சாம்மா?”

அம்மா சிரித்தாள். “யாருக்குத் தெரியும்? எங்க கால் தரையில பட்டாத்தானே!”