எஸ்டேட்டுக்கு டவர் வந்த வாரம்

கேம் கன்சோலுக்குப் பூட்டுப் போடுகிற கம்பெனிக்காரனே குன்னூருக்கு வந்து என்னிடம் பாடம் கேட்க வேண்டும், அப்படி ஒரு கை எனக்கு. பொய்தான். வீடியோவில் ஒருவர் செய்வதை நிறுத்தி நிறுத்திப் பார்த்து அப்படியே செய்வேன். அவர் தும்மினால் நானும் தும்மிவிட்டுத்தான் அடுத்த வயரைத் தொடுவேன். ஆங்கிலம் ஒரு எழுத்து தெரியாது. பள்ளிக்கூடம் என்னைத் தாங்க முடியாமல் சீக்கிரமே விட்டுவிட்டது.

பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு கடையில் வேலை. கீழே முதலாளி கன்சோல் பெட்டிகளை விற்பார், மாடியில் நான் கிராக் பண்ணுவேன். பூட்டை உடைத்துவிட்டால் கேமை விலைக்கு வாங்க வேண்டாம், பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளலாம். வருகிறவர்கள் பெட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்பதே, கேம் சும்மா போட்டுத் தருவீர்களா என்பதுதான். ஒரிஜினல் கேமின் விலையைச் சொன்னால் மப்ளரை இறுக்கிக்கொண்டு படி இறங்கிவிடுவார்கள். பெட்டிகள் பறந்தன, ஒரிஜினல் டிஸ்க்குகள் அலமாரியில் பூஞ்சை பிடித்தன. அதை நம்பித்தான் முதலாளி இந்த சீசனுக்குக் கடை நிறையப் புதுப் பெட்டிகளை இறக்கியிருக்கிறார்.

கிராக் பண்ணிய பெட்டியை நெட்டில் மாட்டினால், கம்பெனி அப்டேட் அனுப்பித் திரும்பப் பூட்டிவிடும். அதைத் தடுக்க உள்ளே ஒரு செட்டிங் உண்டு. அந்தப் பக்கம் முழுக்க ஆங்கிலம், நான் போனதே இல்லை. வாங்குகிறவர்கள் எல்லாம் தேயிலை எஸ்டேட்டின் லைன் வீடுகளில் இருக்கிற தொழிலாளர்கள். அங்கே போன் பேசவே பாறை மேல் ஏறி நிற்க வேண்டும். நெட்டாவது, அப்டேட்டாவது என்று இருந்துவிட்டேன்.

போன வாரம் எஸ்டேட்டுக்கு மேலே செல்போன் டவர் வந்தது.

முதலில் வந்தவர் பச்சை இலை லாரி ஓட்டும் அண்ணன். பெட்டியைக் கம்பளியில் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

"ஏனுங்க தம்பி, டவர் வந்ததும் புள்ள நெட்டுல மாட்டிப்போட்டாளுங்க. இப்ப ஒரு கேமும் எடுக்க மாட்டேங்குது."

பனி ஏறியிருக்கும் என்று சொல்லிப் பெட்டியை ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன், என்னமோ கம்பெனிக்காரன் பனியை டவர் வழியாக அனுப்பின மாதிரி. அவர் நம்பிவிட்டார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"லைன்ல எல்லாரு பெட்டியும் இப்படித்தானுங்க," என்றார் போகும்போது. "லீவு நாளைக்கு எல்லாத்தையும் கூட்டிட்டு வாறனுங்க."

இந்தப் பேச்சு மலை முழுக்கப் பரவினால் புதுப் பெட்டிகளை ஒருவரும் வாங்க மாட்டார்கள். முதலாளி என்னை இந்த மாடியிலிருந்து படி வழியாக இறக்குவாரா என்பதே சந்தேகம். வீடியோக்காரரையும் தேடிப் பார்த்தேன். புது அப்டேட்டைப் பற்றி ஏதோ சொல்லிக் கையை விரித்தார். அதற்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

இன்று ஞாயிறு. எஸ்டேட் பஸ்ஸின் ஹாரன் கேட்கும்போதெல்லாம் மாடி ஜன்னலுக்கு ஓடுகிறேன். அவர்கள் வருவதற்குள் நானே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று காலையில் டீயோடு முதலாளியிடம் போனேன். புதுப் பெட்டிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தவர், என்ன விஷயம் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். டீ ஆறிவிடும் என்று மட்டும் சொல்லிவிட்டு மாடி ஏறிவிட்டேன்.

"டேய், எறங்கி வாடா." கீழேயிருந்து அவர்தான் கூப்பிடுகிறார். "எஸ்டேட்டுக்காரங்க மொத்தமா வந்திருக்காங்க. எல்லாரு கையிலயும் பெட்டி இருக்குது."