ஐந்தாம் தூக்கம்

எங்கள் அண்ணியின் பட்டுப்புழுக்களைக் கொன்றது நீங்கள் தெளிக்கச் சொன்ன மருந்து. பழியை அவர் தலையில் கட்டியதும் நீங்கள்தான். உங்கள் பெயரை நான் எழுதவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

சேவூரில் எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அண்ணன், இன்னொன்றில் நான். அண்ணி வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கர் மல்பெரி வைத்து, கொட்டகையில் பட்டுப்புழு வளர்த்தார். ஆனால் நாங்கள் புழு என்று சொல்வதில்லை. பூச்சி என்போம். பூச்சிக்குத் தழை போட்டாச்சா, பூச்சி எழுந்துடுச்சா, இதுதான் வீட்டுப் பேச்சு.

பட்டுப்பூச்சி நான்கு முறை தூங்கும். தீனியை விட்டுவிட்டு, தலையைத் தூக்கியபடி அசையாமல் கிடக்கும். பிறகு பழைய தோலை உரித்துவிட்டு எழும். நாலாம் தூக்கம் முடிந்தால் ஒரு வாரம் மூர்க்கமாகத் தின்னும், அப்புறம் கூடு கட்டும். ஐந்தாம் தூக்கம் என்று ஒன்று கிடையாது. இது பூச்சி வளர்க்கிற எல்லோருக்கும் தெரியும்.

செல்போன் ஊருக்குள் வர ஆரம்பித்த காலம். பக்கத்துக் கொல்லையில் கத்திரிக்காயில் காய்ப்புழு. புது மருந்தை அடித்துக் காட்ட வேளாண்மைத் துறையிலிருந்து நீங்கள் வந்தீர்கள். வரப்பில் எங்களை நிற்க வைத்து விளக்கினீர்கள். நன்றாகவே விளக்கினீர்கள், அதை நான் மறுக்கவில்லை.

"தோலுரிக்கச் சொல்ற ஹார்மோன் ஒண்ணு பூச்சி உடம்புல இருக்கு. அது சாவி மாதிரி. செல்லுக்குள்ள ரிசப்டர்னு ஒரு பூட்டு இருக்கு. நம்ம மருந்து கள்ளச்சாவி. நேரம் வராமலே பூட்டைத் திறந்துடும். புழு தீனியை விட்டுட்டு தோலுரிக்கப் பார்க்கும், முடியாம செத்துடும். மனுஷனுக்கும் மாட்டுக்கும் அந்தப் பூட்டே கிடையாது. தேனீக்குக்கூட இந்தச் சாவி சேராது. அந்துப்பூச்சி ஜாதிப் புழுவுக்கு மட்டும்தான்."

அதே பூட்டை மனித செல்லில் பொருத்தி, வேண்டியபோது மட்டும் உடம்புக்குள் மருந்து சுரக்க வைக்க முடியுமா என்று வெளிநாட்டில் ஆராய்வதாகவும் சொன்னீர்கள். நாங்கள் வாயைப் பிளந்து கேட்டோம்.

அப்போதுதான் அண்ணி கேட்டார். "சார், இது பூச்சிக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

நீங்கள் சிரித்தீர்கள். "பூச்சிக்கு ஒண்ணும் ஆகலைன்னா நான் எதுக்கும்மா வெயில்ல நிக்கிறேன்?"

கொல்லைக்காரர் விடுவாரா? "பூச்சிக்கு அடிக்காம உங்க வூட்டுக்காரருக்கா அடிப்பாங்க, யக்கா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அண்ணி பின்னால் போய் நின்றுகொண்டார். அவர் கேட்டது எங்கள் வீட்டுப் பூச்சியைப் பற்றி. அன்று அங்கே கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அது. பட்டுப்புழுவும் அந்துப்பூச்சி ஜாதிதான் என்று படித்த உங்களுக்குத் தெரியாதா?

அடிக்கும்போது காற்று எங்கள் மல்பெரிப் பக்கம் வீசியது. மருந்து புகை மாதிரி வேலியைத் தாண்டியது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஆபத்தில்லாத மருந்து என்று நீங்கள்தான் சொல்லிவிட்டீர்களே.

மறுநாள் காலை அந்தத் தழையைத்தான் பறித்துப் போட்டார் அண்ணி. நாலாம் தூக்கம் முடிந்து எழுந்த பூச்சிகள். அதற்கடுத்த நாள் கொட்டகையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"ஜல்தி வா. இதுங்க மறுபடியும் தூங்குதுங்க."

"இன்னா அண்ணி சொல்ற? எழுந்துதான் ரெண்டு நாள் ஆவுதே."

"அதான் சொல்லிகினு இருக்கேன். வந்து பாரு."

தட்டு தட்டாகத் தலையைத் தூக்கிக்கொண்டு கிடந்தன. பழைய தலை ஓட்டுக்குப் பின்னால் புதுத் தலை பிதுங்கி நின்றது. தோல் கழலவில்லை. மூன்றே நாளில் எல்லாம் கறுத்துச் சுருங்கிவிட்டன.

வளர்ப்பவர்களுக்குப் பட்டுப்பூச்சி முட்டை கொடுக்கும் அலுவலகத்தார், பூச்சி விஷயம் தெரிந்தவர் என்று உங்களையே கூட்டிவந்தார்கள். நீங்கள் கொட்டகை வாசலைத் தாண்டவில்லை. ஒரு தட்டைக்கூட கையில் எடுக்கவில்லை. அண்ணி, "சார், அஞ்சாம் தூக்கம் தூங்குச்சு சார்," என்றார். "அப்படி ஒண்ணு கிடையாதும்மா. இது நோய். சுண்ணாம்பு ஒழுங்கா தூவியிருக்க மாட்டீங்க," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினீர்கள்.

ஐந்தாம் தூக்கம் கிடையாதுதான். அது வந்தால் யாரோ கள்ளச்சாவி போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். நீங்கள் வரப்பில் சொன்னதை வைத்தே தறி நெய்கிற எனக்கு இது புரிந்தது. உங்களுக்குப் புரியாமல் போனது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

நீங்கள் சொன்னதை வைத்து அலுவலகப் பதிவேட்டில் 'வளர்ப்பவரின் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். அதன் பிறகு அண்ணிக்கு யாரும் முட்டை கொடுக்கவில்லை. ஒவ்வொரு தட்டையும் தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்த மனுஷியை, பூச்சியைச் சாகவிட்டவள் என்று ஊர் பேசியது. மல்பெரியைப் பிடுங்கிவிட்டு நெல் வைத்தோம். கொட்டகையில் இப்போது விறகு கிடக்கிறது. அண்ணி அதற்குள் போவதில்லை. விறகு வேண்டுமென்றால் என்னைத்தான் எடுத்துவரச் சொல்வார்.

நீங்கள் இன்னும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு வருகிறீர்கள், மேடையில் உட்காருகிறீர்கள். அடுத்த கூட்டத்துக்கு அண்ணியைக் கூட்டிக்கொண்டு வருவேன். மைக்கைப் பிடித்து அதே கேள்வியை அவரே கேட்பார்: பூச்சிக்கு ஒன்றும் ஆகாதா? இந்த முறை சிரிக்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, பதிவேட்டில் இருக்கும் அந்த வரியை அங்கேயே, எல்லோரும் பார்க்க, கோடு போட்டு அடித்துவிடச் சொல்லுங்கள்.