நாலு ஆள் கணக்கு

எங்க வீட்டுக்காரரை எல்லாரும் 'கிலோ'ன்னுதான் கூப்பிடுவாங்க. ஜீப்புக்குப் பின்னாடி ட்ரெய்லரை மாட்டி, வீடு மாத்தறவங்க சாமானை ஏத்திக்கிட்டுப் போறது அவர் தொழில். பீரோவை ஒரு பக்கம் லேசா தூக்கிப் பார்த்தே எடையைச் சொல்லிடுவார். என் எடையையும் சொல்லுவார், நாலு பேர் முன்னாடியே! விவஸ்தை கெட்ட மனுஷன்.

சட்டம்னா அவருக்கு அப்படி ஒரு பயம். ட்ரெய்லர் தகட்டுல போட்டிருக்கற எடை முழுக்க சாமானுக்குத்தான்னு நினைச்சு ஏத்திட்டு, போலீஸ்கிட்ட மாட்டி முழிக்கறவங்க எத்தனையோ பேர். "ட்ரெய்லரோட சொந்த எடையும் அதுல அடக்கம்யா!"ன்னு இவர் தொண்டை கிழியக் கத்துவார். அது போக ஜீப், ட்ரெய்லர், சாமான், உள்ளே உட்கார்ந்திருக்கற ஆளுங்க எல்லாத்தையும் சேர்த்து இன்னொரு வரம்பு இருக்கு. அதைத் தாண்டினா இறக்கத்துல பிரேக் பிடிக்காது, ட்ரெய்லர் ஜீப்பைத் தள்ளிக்கிட்டுப் போயிடும்பார். ஏத்தும்போது வாய் முணுமுணுத்துக்கிட்டே இருக்கும். ஆரம்பம் எப்பவும் ஒண்ணுதான்: ஜீப், வெறும் ட்ரெய்லர், நான், மாப்பிள்ளை.

மாப்பிள்ளைன்னா எங்க ஒரே பொண்ணோட புருஷன். ஆலையில ஃபிட்டர். லீவு நாள்ல மாமனாருக்குத் துணையா முன் சீட்டுல ஏறிக்குவார். "மாமா, இன்னிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கேன், அதையும் சேர்த்துக்குங்க"ன்னு வம்புக்கு இழுப்பார். இவரும் சிரிக்காம, "சரி, அரை கிலோ"ம்பார். போன மாசம் வேலைக்கு நடுவுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவே இல்ல. அந்த வயசுல போற உயிரா அது?

ஆலைக்காரங்க, பொண்ணு இருந்த குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. சாயங்காலம் வெள்ளையடிக்க ஆளுங்க வருவாங்க, மிச்சம் கிடக்கறதை உடைச்சு குப்பை லாரியில போட்டுடுவாங்க. அதனால எல்லாத்தையும் ஒரே நடையில எடுத்தாகணும். தையல் மெஷினுங்கதான் இனிமே பொண்ணோட பொழப்பு, அதை விட முடியாது. கட்டில், பீரோ எல்லாத்தையும் அவளே அக்கம்பக்கத்துல கொடுத்துட்டா. அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு, மாப்பிள்ளை தன் கையாலேயே அறுத்து இழைச்சுச் செஞ்ச மேஜை.

அந்த மேஜைகிட்ட வந்ததும் இவர் நின்னுட்டார். ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தார்.

"அறுபது கிலோம்மா. இப்பவே வரம்பு நிறைஞ்சு போச்சு. வேண்டாம்."

"இது மட்டும்ப்பா."

"நான் வேணா இறங்கிக்கறேன்"னேன். அந்த வழியில பஸ் ஏதுன்னார். எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. "பெத்த பொண்ணைவிட உங்க சட்டம் பெருசா?"ன்னு கத்தினேன். மனுஷன் அசையல. பொண்ணு மேஜையை ஒரு தடவை தடவிப் பார்த்துட்டு, வந்து பின் சீட்டுல என் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டா.

நெடுஞ்சாலையில எடை மேடை இருக்கு, ட்ரெய்லர் மாட்டின வண்டி எல்லாம் உள்ளே இருக்கற ஆளுங்களோடயே அதுல ஏறி இறங்கித்தான் போகணும். எடை போட்டவர், "இன்னும் எழுபது கிலோ ஏத்தியிருக்கலாமே"ன்னார்.

இவருக்கு ரோஷம் வந்துடுச்சு. "உங்க மெஷின் கோளாறு. இன்னொரு தடவை போடுங்க!"

மறுபடியும் அதே எழுபது. இவர் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிச்சார். "ஜீப்பு... வெறும் ட்ரெய்லர்... நான்... மாப்பிள்ளை..."

பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தார். காலியா இருந்தது. ஐயோ, செத்துப் போனவரையும் சேர்த்துல்ல ஏத்தியிருக்கார் இந்த மனுஷன்!

உடனே வண்டியைத் திருப்பினார். அந்த வேகத்துல அவர் ஓட்டி நான் பார்த்ததே இல்ல. ஆனா நாங்க போய்ச் சேர்ந்தப்போ மேஜை ரெண்டா பிளந்து லாரியில கிடந்தது. காலெல்லாம் தனித்தனியா கழண்டிருந்தது. "நான் படுபாவிம்மா"ன்னு இவர் தலையில அடிச்சுக்கிட்டார்.

பொண்ணு அவர் கையைப் பிடிச்சு நிறுத்தினா. "போகட்டும்ப்பா. ஒரு மாசமா எல்லாரும் அவர் இல்ல, இல்லன்னே என்கிட்ட பேசறாங்க. நீங்க ஒருத்தர்தான் இன்னும் அவரைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டு ஓட்டறீங்க."

லாரிக்காரங்க பார்த்துக்கிட்டிருக்க, "மாப்பிள்ளை, மாப்பிள்ளை"ன்னு அந்த மனுஷன் வாய்விட்டு அழுதார்.