கம்பி கட்டாத கேரியர்

விருத்தாசலத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மருந்து உடம்பில் போய் உட்காரும் ரிசெப்டார் சங்கதியெல்லாம் கடையில் கூட்டமில்லாத மத்தியானங்களில் நானாகப் படித்துக்கொண்டது. அதை வாயால் சொல்ல வந்ததோ கலியபெருமாள் அண்ணன் புண்ணியத்தில்.

கருவேப்பிலங்குறிச்சிக்காரர். செராமிக் கம்பெனியில் ஃபியூஸ் செக்கிங். சூளையிலிருந்து வரும், ஃபியூஸ் கம்பி கட்டும் பீங்கான் கேரியரை, அது உட்காரும் பேஸில் சொருகிப் பார்த்து, பொருந்தாததைக் கழித்துப் போடுவார். குடலில் புற்றுநோய் வந்து புதுச்சேரியில் கீமோ ஆரம்பித்தார்கள். முதல் ஊசிக்கே வாந்தியில் ஆள் பாதியாகிவிட்டார்.

ஒருநாள் அவர் மனைவி செல்வி அக்கா, பிரிக்காத ஆன்டன்செட்ரான் அட்டையைக் கல்லாமேல் வைத்தார்.

"திருப்பி எடுத்துக்குங்க தம்பி. வாந்தி மாத்திரைய தொடவே மாட்டேங்கறாரு. அடுத்த ஊசிக்கும் வரமாட்டாராம்."

அண்ணன் வெளியே பெஞ்சில், தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"போன்ல பாத்தேன் தம்பி. செரோடோனின்னு போட்டிருக்குது. அது மூளை சமாச்சாரம். ஒடம்புதான் போச்சு, புத்தியாவது மிஞ்சட்டும்."

"செரோடோனின் பெரும்பாலும் குடல்லதான் இருக்குதுண்ணே. கீமோ குடலைக் கிளறுனதும் பொங்கி வந்து, அங்க இருக்குற நரம்பு ரிசெப்டார்ல உக்காருது. ஒடனே வாந்தி எடுன்னு மூளைக்குச் சேதி போவுது."

"மாத்திரை எங்க உக்காருது?"

"அதே ரிசெப்டார்ல."

"அப்ப வாந்தி இன்னும் அதிகமாத்தானே வரணும்?"

நல்ல கேள்வி. நான் புத்தகத்தில் படித்த வார்த்தையைத் தேடித் தடுமாறி, "உக்காரும்ண்ணே, ஆனா சேதி அனுப்பாது" என்றேன்.

அவர் இடது கைக்குழியில் வலது கை விரல்களைச் சொருகிப் பார்த்தார்.

"கம்பி கட்டாத கேரியர் மாதிரியா? பேஸ்ல கச்சிதமா உக்காரும், கரண்டு போவாது. இன்னொண்ணு சொருகவும் எடம் இருக்காது."

"அதேதாண்ணே!" பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டேன்.

ஆனால் செக்கிங்காரர் அவ்வளவு சுலபத்தில் பாஸ் போடுவாரா? "முப்பத்திரண்டு ஆம்ப்ஸ் கேரியர் பதினாறு பேஸ்ல ஏறாது. மூளையில என்ன பேஸு?"

"செரோடோனினுக்கு ஏழு குடும்பமா ரிசெப்டார் இருக்குது. இந்த மாத்திரைக்கு மூணாம் நம்பர்தான் சரியான பேஸு. மூளையில வாந்தியை ஏவுற எடத்துலயும் அது இருக்குது, அங்கயும் போயி அடைக்கும். மனக்கவலைக்குத் தர்ற மாத்திரைங்க வேலை செய்யுற எடம் வேற. இது ஒங்க புத்தியப் புடுங்காது."

"இருந்தாத்தானே புடுங்க?" என்றார் வாசலில் நின்ற செல்வி அக்கா.

அண்ணன் சிரித்துவிட்டார். "சரி குடு. வாந்தி வந்ததும் போட்டுக்கறேன்."

அங்கேதான் பலர் தப்பு செய்வார்கள். காய்ச்சல் மாத்திரையைப் போல, வந்த பிறகு போட்டால் போதும் என்று நினைப்பார்கள். நான் அவர் பாஷையிலேயே கேட்டேன்: "லைன்ல கரண்டு விட்ட பெறவா கேரியரை மாத்துவீங்க?"

"அடப்பாவி, எனக்கே செக்கிங்கா?" என்று அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஊசிக்குப் போனார். டாக்டர் எழுதிய வேளைக்கு, ஊசிக்கு முன்பே மாத்திரை போட்டார். திரும்பி வந்ததும் முதல் புகார்: "மேல அடைச்ச, சரி. கீழயும் அடைச்சிட்டியே தம்பி!" குடல் அசைவுக்கும் அதே மூணாம் நம்பர்தான். ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுச் சொன்னோம், அதற்கும் மருந்து தந்தார்கள். குமட்டல் அடியோடு நிற்கவில்லை. ஆனால் கஞ்சி உள்ளே நின்றது, ஒரு ஊசியும் தவறவில்லை.

மருந்துக்கடை வேலைக்கு வரும் பிள்ளைகளே, எதிரில் நிற்பவருக்கு மாத்திரையை விளக்குமுன் அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று கேளுங்கள். பாதி விளக்கம் அவர் கையிலேயே இருக்கும். என் கடைசி நாள்வரை கேரியரைச் சொல்லித்தான் அந்த அட்டையைக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் அண்ணனுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு.

கீமோ முடிந்த பிறகு ஒருநாள் செல்வி அக்கா பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கடைக்கு வந்தார். மருந்துச் சீட்டு எதுவும் கையில் இல்லை.

"சமையல் வாசனையே அவருக்கு ஆவலன்னு இத்தினி நாளா வூட்டுல அடுப்பு மூட்டவே பயந்தேன் தம்பி. இன்னிக்குக் காலையில கருவாட்டுக் கொழம்பு கேக்கறாரு. நல்ல கருவாடு எங்க கெடைக்கும், சொல்லுங்க."