அவள் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி

என் மகள் மெல்போர்னில் சுற்றுச்சூழல் படிக்கிறாள். அது என்ன படிப்பு என்று கேட்கிறவர்களுக்கு, "ஆறு, குளம், மரம், தவளை, அதெல்லாம் பத்திப் படிக்கிறா" என்று சொல்லி முடித்துவிடுவேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். லிங்கராஜபுரத்தில் வீட்டிலேயே மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறேன். அதற்கு மேல் விளக்க எனக்குத் தெரியாது.

ஒருமுறை பிளவுஸ் வாங்க வந்த எதிர்வீட்டம்மா சிரித்துக்கொண்டே கேட்டாள்: "ஏன்க்கா, அவ்ளோ தூரம் பிளைட் ஏத்தி அனுப்புனது தவளை எண்றதுக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "இங்கயே எண்ணட்டும்னுதான் பாத்தோம்மா. நம்ம ஏரியாவுல தவளை எங்க இருக்கு? கொசுதான் இருக்கு. கொசு எண்ண ஆரம்பிச்சா அவ எப்ப படிப்ப முடிக்கிறது?"

அவர் அப்படித்தான். அவரிடம் பேசி ஜெயித்தவர்கள் எங்கள் தெருவில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து, சமையலையும் முடித்து, மதியம் நாங்கள் இருவரும் போன் முன்னால் உட்காருவோம். இங்கே மதியம் என்றால் அங்கே பொழுது சாய்கிற நேரம். அந்த வாரம் என்ன சாப்பிட்டாள், எங்கே போனாள் என்று எல்லாம் கேட்போம். மூன்று பெண்களோடு ஒரு வீட்டில் இருக்கிறாள். காலையில் டிராமில் காலேஜ், சாயங்காலம் ஒரு காபிக் கடையில் கப் கழுவுகிற வேலை. அந்தக் கடையில் மிஞ்சுகிற காபித் தூளை டப்பாவில் எடுத்து வந்து செடிக்கு உரமாகப் போடுகிறாள். யாரோ போட்டுப் பழசான கோட்டை வாங்கிப் போட்டுக்கொள்கிறாள். குப்பை போட வாசலில் விதவிதமான நிறத்தில் மூடி வைத்த தொட்டிகளாம். தயிர் டப்பாவைக் கழுவி, காகிதத்தைத் தனியாக உரித்து, எது எந்த மூடிக்குள் போக வேண்டும் என்று கூட இருக்கிற பெண்களுக்கு இவள்தான் பாடம் எடுக்கிறாளாம்.

குளிக்கும்போது வெந்நீர் வருகிற வரைக்கும் வீணாகிற தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்து வைக்கிறாள் என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காவேரித் தண்ணீர் வராத நாட்களில் இங்கே நாங்கள் வேறு வழியில்லாமல் செய்ததை, குழாய் நிறையத் தண்ணீர் வருகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு அவள் செய்கிறாள்.

அவளுக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது, வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் ஒரு ஓடை. அங்கே போய் முள்செடிகளைப் பிடுங்குவார்கள், அந்த மண்ணுக்குரிய செடிகளை நடுவார்கள். பொழுது சாய்ந்ததும் சத்தம் போடாமல் உட்கார்ந்து தவளை கத்துவதைப் போனில் பதிவு செய்து அனுப்புவார்கள். எந்தத் தவளை இன்னும் இருக்கிறது, எது போய்விட்டது என்று அதை வைத்துத் தெரிந்துகொள்கிறார்களாம்.

ஒரு தடவை போனைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டி, "கேளுங்க, கேளுங்க" என்றாள். வீணைக் கம்பியை ஒரே ஒரு தரம் சுண்டிவிட்ட மாதிரி 'டொங்க்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டொங்க்'.

"இது தவளையா, நம்ம வீட்டு மோட்டார் ரிப்பேரா?" என்றார் அவர். பிறகு அவரும் தொண்டையிலிருந்து 'டொங்க்' என்றார். அந்தப் பக்கம் தவளை பதில் சொல்லியது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து அவள் ஓடைக்குப் போகிற ஞாயிறெல்லாம் அப்பாவும் தவளையும் பேசிக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

"அந்த ஓடையில முன்னாடி இன்னொரு தவளை இருந்துதாம்மா. அது இப்ப கத்தறதே இல்ல. அதுக்காகத்தான் நான் போறேன்," என்று ஒருநாள் சொன்னாள்.

இந்த இடத்தில் எங்கள் நேர்ச்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நடக்கப் பழகுகிற வயதில் அவளுக்கு ஜுரத்தோடு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் மாதாவிடம் கேட்டுக்கொண்டேன். இவளை உயிரோடு வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டால், கல்யாணமாகிப் போகிற வரைக்கும் வருஷா வருஷம் உன் திருவிழாவுக்கு இவள் உயரத்துக்கு மெழுகுவர்த்தி வைக்கிறேன் என்று. செப்டம்பரில் சிவாஜிநகர்ப் பக்கம் மாதா திருவிழாவுக்கு வந்தவர்களுக்கு இது தெரியும். காவிப் புடவைகளும் காவிச் சட்டைகளும் ரோடு கொள்ளாமல் நகரும். இரண்டு பக்கமும் மெழுகுவர்த்திக் கடைகளில் ஆள் உயரத்துக்கு வெள்ளை வெள்ளையாகத் தொங்கும்.

ஆகஸ்டு முடிகிற சமயத்தில் அவளை வாசற்கதவோடு நிற்க வைத்து அளப்போம். என் தையல் பெட்டியிலிருந்து ஒரு நூல். கால் பக்கம் நான் பிடிப்பேன், தலைப் பக்கம் அவர். "நிமிந்து நில்லும்மா, மாதாவுக்கு ஒரு அங்குலம் கொறச்சுடாத" என்பார். அவள் வேண்டுமென்றே நுனிக்காலில் எக்குவாள். தலையில் ஒரு தட்டுத் தட்டி இறக்குவார். அந்த நூலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவோம். கடைக்காரர் ஒவ்வொரு மெழுகுவர்த்தியோடும் நூலை வைத்துப் பார்த்துச் சரியானதை இறக்குவார். முதல் வருஷம் அதை ஒரு கையில் தூக்கினேன். சில வருஷங்களில் அது ஆட்டோவுக்குள் அடங்காமல் குறுக்கே நின்றது. அவர் தோளில் சுமந்தார்.

அவள் மெல்போர்ன் போன முதல் வருஷம், திருவிழா நெருங்கும்போது போனில் சொன்னாள்: "அம்மா, கோச்சுக்காத. அந்த மெழுகு பெட்ரோல் எடுக்கிற அதே எண்ணெயிலேர்ந்துதான் வருது. கொஞ்ச நேரம் எரிய விட்டுட்டு ஓரமா எடுத்துப் போட்டுடறாங்க. எனக்காக இவ்ளோ பெரிசா வேணாம்மா. பதிலா ஒரு செடி வைங்க."

எனக்குத் துளிகூட மனசில்லை. அவர்தான் அவள் பக்கம் பேசினார். "நூலைப் பிடிச்சு அளக்க ஆளும் இங்க இல்ல. நம்ம கோயில் சாமியாரக் கேப்போம். அவர் சரின்னா சரி." சாமியார் சரி என்றார். நல்ல மனசோடு மாற்றிக்கொள்ளலாம், மாதா ஏற்றுக்கொள்வாள் என்றார். வீட்டு வாசலில் நடைபாதை ஓரம் ஒரு புங்கங்கன்று வைத்தோம். அரிசி களைந்த தண்ணீரைத் தினமும் காலையில் அவர்தான் கொண்டுபோய் ஊற்றுவார்.

தவக்காலம் தொடங்கிய வாரம், அப்படித் தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே வந்தவர், நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தார். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மகள் வருகிற வரைக்கும் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். ஏர்போர்ட்டிலிருந்து நேராக வந்தாள். கண்ணாடி மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள். அழுதாள் என்று சொல்ல முடியாது. குழிக்குள் மண் போடும்போது, அத்தனை செடி நட்ட கை, ஒரு பிடி மண்ணை அள்ளத் தெரியாமல் அப்படியே நின்றது. வகுப்பு தொடங்குகிற சமயம் என்பதால் சீக்கிரமே திரும்பிப் போனாள். நான்தான் போகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அந்தச் செடி கிடுகிடுவென்று தளிர் விட்டது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தண்ணீர் மட்டும் ஊற்றினேன். மெழுகுவர்த்தி வைக்காமல் விட்ட முதல் வருஷமே இப்படி ஆகிவிட்டதே என்று மனசுக்குள் ஒன்று முனகிக்கொண்டே இருந்தது. செபமாலை சொல்லும்போது நடுவில் வரும். மெஷின் மிதிக்கும்போது வரும். யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொல்லவே கூடாது என்று வைத்திருந்தேன்.

போனில் அவளும் மாறிப்போயிருந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில். ஓடைக்குப் போனாயா என்றால், "குளிரா இருக்கும்மா" என்பாள். சாப்பிட்டாயா என்றால், "ம்." முகம் சின்னதாகிவிட்டது.

ஒரு ஞாயிறு, பேசி முடித்து வைக்கப் போகிற நேரத்தில், "அம்மா" என்றாள். சின்ன வயசில் ஜுரத்தோடு கூப்பிடுவாளே, அந்தக் குரல். "மெழுகுவர்த்தி வைக்காததாலதான் அப்பா போய்ட்டாரா?"

வைக்கப் போன போனைத் திரும்ப முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"நான்தானே வேணாம்னு சொன்னேன். இந்த வருஷம் வெச்சிடும்மா. நானே அளந்துட்டேன். நூலோட ஒரு முனைய குதிகால்ல மிதிச்சுக்கிட்டு கதவுல அளந்தேன். பிடிக்க யாரும் இல்ல." அழுகையில் மீதி வார்த்தைகள் சரியாகக் கேட்கவில்லை.

போன வருஷம் நான் எதற்கு அவளோடு மல்லுக்கு நின்றேனோ, அதையே அவள் கேட்கிறாள். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தெரியாத ஊரில், பூட்டிய அறையில், தானே தன் நூலை மிதித்துக்கொண்டு நிற்கிற என் குழந்தைதான் தெரிந்தாள். எனக்குள் இருந்த அதே முனகல் அவளையும் அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்காவது தெரு இருக்கிறது, கோயில் இருக்கிறது. அவளுக்கு அங்கே யார்? அந்த எண்ணத்தோடு அவள் இன்னும் எத்தனை காலம் கிடக்கப் போகிறாள்? அது நான் இப்போது சொல்கிற ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது என்று தோன்றியது. மாதாவே, நீ சொல்லு என்று கேட்டுக்கொண்டு பேசினேன்.

"நான் ஒண்ணு கேக்கறேன், சொல்லு. நீ சாப்பிட்டுட்டு இருக்க. எனக்குப் பூ வாங்கிட்டு வரலன்னு உன் தட்டப் புடுங்குவனா?"

"மாட்ட."

"நானே மாட்டேன். மாதா புடுங்குவாளா?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். "அப்புறம் ஏம்மா இத்தன வருஷம் வெச்ச?"

இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. "மொதல்ல பயத்துலதான் வெச்சேன். பொய் சொல்ல மாட்டேன். அப்புறம்... வருஷத்துக்கு ஒருதரம் உன்ன நடுவுல நிக்க வெச்சு, அந்தப் பக்கம் அப்பா இந்தப் பக்கம் நான் புடிச்சு அளந்தோமே. அது எனக்குப் புடிச்சிருந்துச்சு. அதுக்காக வெச்சேன்."

அவள் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்கப்பாவுக்கு ஹார்ட்டு. டாக்டர் சொன்னாரு. நீ படிச்சவ, உனக்கு நான் சொல்லணுமா? பயந்துக்கிட்டு ஒண்ணும் வெக்க வேணாம். நீ ஓடைக்குப் போ."

திருவிழா அன்று காவிப் புடவை கட்டிக்கொண்டு தனியாகப் போனேன். மழை பிசுபிசுவென்று தூறிக்கொண்டிருந்தது. அவரும் நானும் கடைசியாக அளந்த நூல் பர்ஸில் இருந்தது. எதற்கு எடுத்துக்கொண்டு போனேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. பழகின கடைக்காரர் பார்த்துவிட்டார். "வாங்கக்கா! போன வருஷம் காணோமே? பாப்பா எவ்ளோ உசரம் இப்ப? அண்ணன் எங்க, பின்னால வர்றாரா?"

"அவர் இல்லப்பா," என்றேன்.

கடைக்காரர் மெழுகுவர்த்தி இறக்குகிற கொம்பைக் கீழே வைத்துவிட்டார். என் கை பர்ஸுக்குள் போய் நூலைத் தொட்டது. தலைக்கு மேல் அத்தனையும் தொங்குகின்றன. ஒன்றை இறக்கிவிட்டால் போதும், என் மனசு அடங்கிவிடும். அவளுக்குத் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் அவளிடம் நான் சொன்னது அப்போது வெறும் பேச்சாகிவிடும். மாதாவைப் பற்றி அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று ஆகிவிடும்.

"சின்னது ஒண்ணு குடுப்பா. அவர் ஆத்துமாவுக்கு," என்றேன்.

ஒரு சாண் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு நூலோடு வீடு திரும்பினேன். பயம் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். இன்றைக்கும் அவள் போன் எடுக்கக் கொஞ்சம் தாமதமானால், கடையில் தொங்கிய அந்த ஆள் உயர மெழுகுவர்த்திதான் முதலில் கண்ணில் வருகிறது. அப்போதெல்லாம் செபமாலையை எடுத்துக்கொள்கிறேன். வேறு வழி தெரியவில்லை.

புடவை மாற்றுவதற்குள் போன் அடித்தது. பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது.

"வெச்சியாம்மா?"

"பெரிசு வெக்கல. அப்பாவுக்கு மட்டும் ஒரு சின்னது."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தோள் தளர, "சரிம்மா" என்றாள். "இங்க குளிர் போயிடுச்சு. தவளையெல்லாம் கத்த ஆரம்பிச்சிடுச்சு. கேக்கறியா?"

போனைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்த ஒற்றைக் கம்பிச் சத்தம். டொங்க்.

இரண்டு பேரும் காத்திருந்தோம். பதில் சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தேன். தொண்டையிலிருந்து ஒன்றும் வரவில்லை. அந்தப் பக்கம் அது இன்னொரு தரம் கூப்பிட்டது.