சிவப்பு மை மங்கலம்

எனக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும். இங்கிலீஷில் ஓர் எழுத்தும் தெரியாது. திருச்சியில் முதல் பாரம் படிக்கும் என் மகள் கோமதிக்கு மார்க்கு ரிப்போர்ட் மாதாமாதம் இங்கிலீஷில்தான் வரும்.

ஆடி மாத ரிப்போர்ட்டில் ஓரிடத்தில் சிவப்பு மை இருந்தது. ஆவணியில் இரண்டு இடம், புரட்டாசியில் நான்கு. குங்குமம் போல மங்கலமான நிறமாயிற்றே, பெண் முன்னேறுகிறாள் என்று பூரித்துப்போய்க் கையெழுத்துப் போட்டேன். கேசரியும் கிண்டிக் கொடுத்தேன்.

ஐப்பசியில் தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார்.

"நாலு பாடத்தில் ஃபெயில். சிவப்பு மை என்றால் அதுதான். பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

பக்கத்தில் நின்ற கோமதியைப் பார்த்தேன். "நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தேம்மா, சொல்ல வாய் வரலே" என்றாள்.

"உங்களுக்குச் சொன்னா விளங்காது. அவ அப்பாவை வரச் சொல்லுங்க" என்றார் ஆசிரியை.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. "அவருக்கும் இங்கிலீஷ் தெரியாதுங்க. வேட்டி கட்டிக்கிட்டு வந்தா மட்டும் விளங்கிடுமா? தமிழ்ல எழுதிக் கொடுங்க, நானே பார்த்துக்கறேன்" என்றேன்.

அது வழக்கமில்லை என்றார்.

இப்போது ரிப்போர்ட் வந்ததும் கோமதியை எதிரே உட்காரவைத்து வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்கிறேன். 'கணக்கில் தவறிவிட்டாள்' என்று அதன் ஓரத்திலேயே தமிழில் எழுதி, அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போடுகிறேன்.

போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு ஒரு சீட்டு வந்தது. அதுவும் இங்கிலீஷ்தான். என்னவென்று நான் யாரையும் கேட்கவில்லை. சிவப்பு மையில் எழுதியிருப்பதால் மங்கலமான சேதி என்றே வைத்துக்கொண்டேன்.