பிரவுணிக்கு வைத்த சோறு

கதிரவேலு முப்பத்தொரு வருடம் யாழ்ப்பாணத்து உடுப்பிட்டிப் பக்கம் வீடு வீடாகப் போய் மின்சார மீற்றர் வாசித்தவர். எந்த வீட்டு மீற்றரும் உண்மை சொல்லாது, எந்த வீட்டு நாயும் சும்மா படுத்திராது என்பது அவருடைய முடிவு. இடது கெண்டைக்காலில் நாலு கடித் தழும்புகள். சிரித்துக்கொண்டு தேத்தண்ணி தருகிற வீட்டில்தான் களவுக் கறண்ட் இருக்கும் என்று மனைவி குணலட்சுமியிடம் அடிக்கடி சொல்வார். அவள் தேத்தண்ணி தரும்போதும் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்.

குணலட்சுமி போய்ச் சேர்ந்தாள். தொண்ணூறில் சண்டை தொடங்க, ஊருக்குக் கறண்டும் நின்றது. வீட்டிலிருந்த கதிரவேலுவுக்குச் சந்தேகப்பட மிஞ்சியது அடுத்த வளவு மட்டும்தான். அங்கே ஓய்வுபெற்ற மருத்துவிச்சி ஞானாம்பிகை தனியாக இருந்தார். அவருக்குத் துணை பதின்மூன்று வயது நாய், பிரவுணி.

தொண்ணூற்றுநாலாம் ஆண்டு பங்குனியில் ஒருநாள் அந்த நாய் வேலியில் ஓலை விலகிய பொட்டுக்குள்ளால் நுழைந்து அவருடைய கிணற்றடி ஈரத்தில் வந்து படுத்தது. கதிரவேலு தடியை ஓங்கினார். அது குரைக்கவில்லை, எழும்பவும் இல்லை. குரைக்காத நாய்தான் கடிக்கும் என்று அவர் தள்ளியே நின்றார். மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. வயிறு உப்பியிருந்தது, விலா எலும்பு தெரிந்தது.

ஏன் வருகிறது? வேலி இடுக்கால் பார்த்தார். ஞானாம்பிகை குசினி வாசலில் குந்தியிருந்து ஏதோ வெள்ளைத் தூளைச் சோற்றில் பிசைந்து நாய்க்கு வைத்தார். கதிரவேலுவுக்கு எல்லாம் விளங்கிப் போயிற்று. கனடாவிலிருக்கும் மகன் தாயைக் கூப்பிடுகிறான் என்று ஊரில் கதை. நாயை என்ன செய்வது? கொஞ்சம் கொஞ்சமாக நஞ்சு வைக்கிறார்!

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே பிரவுணியைத் தன் பக்கம் கூப்பிட்டுப் பொட்டை ஓலையால் அடைத்தார். தன் பங்கு சோற்றில் பால் விட்டுக் குழைத்து வைத்தார். முதலில் தூர நின்று தட்டைத் தள்ளினார். ஒரு கிழமையில் கையாலேயே ஊட்டினார். நாய் சாப்பிட்டுவிட்டு அவருடைய தழும்புக் காலில் தலையை வைத்துத் தூங்கும். கால் விறைத்தாலும் அவர் அசையமாட்டார்.

ஆனால் நாய் தேறவில்லை. முனகத் தொடங்கியது. பன்னிரண்டாம் நாள் ஞானாம்பிகை படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"என்ரை நாய்க்கு நீர் என்னத்தைக் குடுக்கிறீர்?"

"நானோ? நீங்கள் என்னத்தைக் குடுத்தனீங்கள் அக்கா? வெள்ளைத் தூள். என்ரை கண்ணாலை கண்டனான்."

ஞானாம்பிகை நாயின் வயிற்றைத் தொட்டுக் காட்டினார்.

"அது அரைச்ச குளிசை. வயித்துக்கை கட்டி. நோவுக்கு எண்டு திருநெல்வேலி மாட்டு டொக்டர் தந்தது. ஊரிலை நாயைக் கண்டாத் தடி எடுக்கிற ஒரே மனிசன் நீர். நீர்தான் நஞ்சு வைக்கிறீர் எண்டு நான் நினைச்சன்."

கதிரவேலு அதையும் நம்பவில்லை. அடுத்தநாள் விடிய, சைக்கிள் கரியரில் பலகைப் பெட்டியைக் கட்டி, சாக்கு விரித்து, பிரவுணியைத் தூக்கி வைத்தார். வல்லை வெளியின் எதிர்க்காற்றில் உழக்க முடியாமல் இறங்கி உருட்டினார். யாழ்ப்பாண நகருக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் டொக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்து, குளிசை குடுக்கிறதோ என்று கேட்டுவிட்டுச் சொன்னார்:

"கட்டி பரவிட்டுது. அந்த அம்மாவுக்கு அப்பவே சொன்னனான். குளிசையை ஏன் நிப்பாட்டினீங்கள்? நோவிலை துடிச்சிருக்குமே."

கதிரவேலு நாயைத் தூக்கிப் பெட்டியில் வைத்தார். திரும்பும் வழி முழுதும் ஒரு கையைப் பின்னால் விட்டு நாயின் தலையைத் தொட்டுக்கொண்டே வந்தார்.

அதன்பின் பொட்டு அடைபடவில்லை. குளிசையை அவரே அரைத்தார். ஞானாம்பிகை சோறு குழைத்தார். ஆனியில் நாய் சோற்றை முகர்வதோடு நிறுத்தியது. ஆடியில் நோவு குளிசைக்கும் கேட்கவில்லை.

ஒரு காலை அவர் சங்கக்கடையில் அரிசி வரிசையில் நின்றுவிட்டு வந்தபோது பிரவுணி சாக்கு மூடிக் கிடந்தது. சாக்கை விலக்கினார். முன்னங்காலில் ஓரிடத்தில் மயிர் வழித்திருந்தது.

"ஊசி போட்டனீங்களோ?"

"ஓம். டொக்டரிட்டை வாங்கி வைச்ச மருந்து. என்ரை மடியிலைதான் கிடந்தது."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் விட்டிருப்பீரோ?"

அவர் யோசித்தார். "விட்டிருக்க மாட்டன்."

அவரே குழி வெட்டினார்.

ஆவணிக் கடைசியில் ஞானாம்பிகை ஊரைவிட்டு வெளியேறப் பாஸ் எடுத்துக் கனடாவுக்குப் புறப்பட்டார். அந்தச் செய்தி கதிரவேலுவின் பழைய சந்தேகத்தைக் கிளப்பியது. நோவுக்காகவா ஊசி, பயணத்துக்காகவா? கிளாலிப் படகுத்துறைக்குப் போகும் வான் நின்ற சந்திவரை பையைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு போனார்.

"உம்மடை முகம் தெரியுது. கேக்க வேண்டியதைக் கேளும்" என்றார் ஞானாம்பிகை.

"வரச்சொல்லி மகன்ரை கடிதம் எப்ப வந்தது?"

"பிரவுணி போய் ஒரு கிழமையாலை."

கடித உறையையும் முத்திரையையும் பார்க்கலாமா என்ற கேள்வி கதிரவேலுவின் வாய்வரை வந்தது. அவர் குனிந்து பையைத் தூக்கி வானுக்குள் வைத்தார்.

"கவனமாப் போட்டு வாங்கோ, அக்கா."